ரேவதி முடிந்த நேரம்

“அந்த வீட்டில் யாரும் வசிப்பதாகத் தெரியவில்லை” என்றார் மிஸஸ் ஹார்ட்லி.

தோர்ன்மியர் பள்ளியில் புதிய பிள்ளைகளைச் சேர்க்கும் பொறுப்பு அவருடையது. மேசையில் ஒரு கோப்பு இருந்தது. அதை என் பக்கம் திருப்பவில்லை. அவருக்குப் பின்னால் ஜன்னலில் ஓட்டப்பாதை தெரிந்தது. செப்டெம்பரில் சேரவிருக்கும் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு மாலை அங்கே பயிற்சி. என் மகள் தாரகா ஓரத் தடத்தில் குனிந்து நின்றாள்.

“வசிக்கிறோம்” என்றேன்.

“எங்கள் ஆள் வந்து பார்த்திருக்கிறார். ஒரு தடவை மாலையில். ஒரு தடவை காலையில், பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்துக்கு முன்பே. திரைச்சீலை அசையவில்லை. கார் இல்லை. ஆனால் முன்பக்கத்துப் புல் வெட்டியிருந்தது. குப்பைத்தொட்டி தெருவோரத்தில் நின்றது. ஆள் இருப்பதுபோலக் காட்ட யாரோ முயல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார்.”

புல்லை நான் வெட்டவில்லை. தொட்டியையும் நான் தள்ளவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. யார் செய்தது என்று எனக்கும் தெரியவேண்டியிருந்தது.

முன்பெல்லாம் தோர்ன்மியரை யாரும் தேடிப் போவதில்லை. லண்டனில், ஹவுன்ஸ்லோவின் வெளிப்புறத்தில், விமானங்கள் தாழப் பறக்கும் இடத்தில், ஒரு சாதாரண அரசாங்கப் பள்ளி. விளையாட்டுக்கும் விஞ்ஞானத்துக்குமான சிறப்புப் பள்ளியாக அதை அறிவித்த பிறகு நிலைமை மாறியது. புதிய ஆய்வுகூடம் வந்தது. உள்ளரங்கம் வந்தது. அதற்காகவே ஆட்கள் வீடு மாறினார்கள். விளையாட்டுத் திறமைக்கென்று கொஞ்ச இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். அவற்றுக்குத் தேர்வாளர்கள் முன்னால் ஓடிக் காட்ட வேண்டும். பள்ளியின் எல்லைக்குள் வசிக்கவும் வேண்டும்.

என் மனைவி றொஷானிதான் இதையெல்லாம் தேடி அறிந்தாள். விண்ணப்பத்தை நிரப்பியவளும் அவள். தேர்வு நாளில் மழைக்குள் குடையோடு நின்றவளும் அவள். இடம் கிடைத்த செய்தி மார்ச்சில் வந்தது. அவள் ஜனவரியில் இறந்துவிட்டாள்.

“உங்கள் மனைவியின் கைத்தொலைபேசிக்குப் பல தடவை எடுத்தோம்” என்றார் ஹார்ட்லி. “விண்ணப்பத்தில் அவருடைய பெயர்தான் முதலில் இருக்கிறது. தகவல்கூட விட்டேன். அவர் திருப்பி அழைக்கவில்லை.”

“அழைக்க மாட்டார்.”

அதை எழுதிக்கொண்டார். “நீங்கள் இருவரும் சேர்ந்து வாழ்கிறீர்களா?”

“இல்லை.”

“மகள் தாயோடு இருக்கிறாளா?”

“என்னோடு.”

“இந்த வீட்டில்?”

பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது. மனைவியைப் பற்றி நான் சொன்ன எதிலும் பொய் இல்லை. ஆனால் அவர் முகத்தில் ஒரு கதை உருவாகிக்கொண்டிருந்தது தெரிந்தது. பிரிந்துபோன கணவன், மனைவி. வேறெங்கோ வசிக்கும் பிள்ளை. பள்ளிக்காக வைத்திருக்கும் வெற்று முகவரி.

என் மனைவி இறந்துவிட்டாள் என்று சொல்லியிருக்கலாம். அந்த வசனத்தை நான் ஆங்கிலத்தில் அதுவரை சொன்னதில்லை. வைத்தியரிடமும் கவுன்சிலிலும் அவளுடைய தமையன் சண்முகராசாதான் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

“வீட்டில் ஒரு மரணம் நடந்தது” என்றேன். “சில நட்சத்திரங்களில் மரணம் நடந்தால் எங்கள் ஆட்கள் வீட்டைப் பூட்டிவிடுவார்கள். அதைப் பஞ்சமி என்போம். இதற்கு ஆறு மாதம். அதுவரை கிங்ஸ்பரியில் உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறோம். ஜூலை முடிவில் திரும்புவோம்.”

“நட்சத்திரம்” என்றார்.

“ஆம்.”

“பூட்டாவிட்டால்?”

“அந்த மரணம் குடும்பத்தில் இன்னும் சிலரைக் கொண்டுபோகும் என்று நம்பிக்கை.”

“நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?”

“குடிநீர் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் இருக்கிறேன்.”

“படித்தது?”

“பௌதிகவியல்.”

அதையும் எழுதினார். பிறகு பேனாவை மூடினார். இந்த வழக்கம் உண்மையென்று மதகுரு ஒருவர் எழுதித் தருவாரா என்று கேட்டார். தருவார் என்றேன். வெள்ளிக்கிழமை காலை தானே வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். ஒன்றில் கடிதம் இருக்க வேண்டும், அல்லது கதவு திறந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் தாரகாவின் இடம் காத்திருக்கும் அடுத்த பிள்ளைக்குப் போகும்.

“உங்களுக்கு யார் சொன்னது?” என்று கேட்டேன்.

“அதைச் சொல்ல முடியாது.”

காரில் தாரகா சப்பாத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். அது கிங்ஸ்பரியில் நாங்கள் தங்கியிருக்கும் சண்முகராசா அத்தான் வீட்டு மச்சானின் பழைய சப்பாத்து. பெருவிரல் பக்கம் பஞ்சு அடைத்திருந்தாள்.

“ஃபர்ஸ்ட்டா வந்தனான் அப்பா.”

“நல்லது.”

“என்ர ஸ்பைக்ஸ் சப்பாத்து இருந்தா இன்னும் ஃபாஸ்ட்டா ஓடுவன். ஒருக்காப் போய் எடுக்கலாமா?”

“ஏலாது. பூட்டியிருக்கு.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எங்கள் தெரு வழியாகக் காரை விட்டேன். புல் வெட்டித்தான் இருந்தது. அண்மையில் வெட்டிய புல். எதிர்வீட்டு வாசலில் பீற்றர் அண்ணை நின்றார். விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை அவருக்கு. ஷிப்ட் முடிந்து வந்த மஞ்சள் உடுப்போடு நின்று எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகன் லக்‌ஷனும் தோர்ன்மியருக்கு ஓடிக் காட்டியவன். அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறான்.

பள்ளிக்குச் சொன்னது யார் என்று வேறு யாரையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தாரகாவைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

“வாரும் கௌசிகன். என்ன, வீட்டைப் பாத்திட்டுப் போக வந்தீரோ?”

“நீங்கள்தான் பாத்துக்கொண்டு நிக்கிறியள்.”

“தெருவில நிண்டா தெரியும்தானே. கண்ணை மூடிக்கொண்டு நிக்கவே?”

“பள்ளிக்கூடத்தில இருந்து ஆள் வந்ததாம்.”

“ஓம். ஒரு வெள்ளைக்காரன். டை கட்டினவன். இஞ்சயும் தட்டினவன்.”

“என்ன சொன்னனீங்கள்?”

“ஆக்கள் இருக்கினம், நைட் ஷிப்ட், பகலில படுக்கிறவை எண்டு சொன்னனான்.”

அவர் முகத்தைப் பார்த்தேன். எங்கே பொய் இருக்கிறது என்று தேடினேன்.

“நான் நைட் ஷிப்ட் செய்யிறேல்லையே அண்ணை.”

“அவனுக்குத் தெரியுமே?”

“புல்லும் நீங்களோ?”

“பின்னை ஆர், மகாராணி அனுப்பினதே? தொட்டியும் நான்தான். கிழமைக்கொருக்கா என்ர குப்பையில கொஞ்சம் போட்டுத் தள்ளி வைக்கிறன். வெறும் வீடெண்டு தெரிஞ்சா கள்ளன் வருவான். உங்கட பஞ்சமி கள்ளனுக்குத் தெரியாது.”

“லக்‌ஷன் லிஸ்டில நிக்கிறான்” என்றேன்.

நான் எதற்கு வந்தேன் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

“ஓ” என்றார். “அதுதானோ? தாய் செத்த பிள்ளையின்ர இடத்தைப் பிடுங்கி என்ர பொடியனுக்குக் குடுக்கிறன் எண்டு வந்தனீரோ?”

“ஆரோ சொல்லியிருக்கினம்.”

“நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன். எனக்கு உங்கட நட்சத்திரமும் தெரியாது, சனியும் தெரியாது. ஆனா ஒண்டு சொல்லுறன். அந்த வீட்டைப் பூட்டினது நான் இல்லை. பூட்டினவையைப் போய்க் கேளும்.”

கதவைச் சாத்தவில்லை. நான் போகும்வரை அப்படியே நின்றார். திரும்பி வரும் வழி முழுக்க அவரை நம்புவதா என்று யோசித்தேன். நைட் ஷிப்ட் கதையைச் சொன்னது உதவிக்கா, எங்களைப் பொய்யராக்கவா? இரண்டுக்கும் அது பொருந்தியது.

அடுத்தநாள் வேலை முடிந்ததும் கோயிலுக்குப் போனேன். ஐயர் மடைப்பள்ளி வாசலில் நாற்காலி போட்டு இருந்தார். செத்தவீட்டுக்கு வந்தவர் இவரல்ல. அந்தக் கிரியை செய்யும் குருக்கள் வேறு. சண்முகராசா அத்தான் பஞ்சமி என்று சொன்னார், அந்தக் குருக்கள் அதற்கான சாந்தியைச் செய்துவிட்டுப் போனார். அப்போது யாரும் யாரையும் திருப்பிக் கேட்கவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். ஐயர் தலையாட்டினார். “எழுதித் தாறதுக்கென்ன. மகள் படிக்கத்தானே. எந்த நாள், என்ன நட்சத்திரம்?”

நாளைச் சொன்னேன். “ரேவதி.”

அவர் பஞ்சாங்கத்தை எடுத்து வரச்செய்தார். கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திப் பக்கத்தைப் புரட்டினார்.

“நேரம்?”

“தெரியாது. விடிய எழும்பேல்லை. நித்திரையில போயிட்டா. இதயம் எண்டு சொன்னவை.”

“கடைசியாக் கதைச்சது எப்ப?”

“படுக்கைக்குப் போகேக்க. பதினொரு மணி தாண்டியிருக்கும். மகளின்ர உடுப்பை அயன் பண்ணிக்கொண்டு நிண்டவ.”

அவர் விரலை ஓரிடத்தில் வைத்தார். எடுக்கவில்லை.

“தம்பி, அண்டைக்கு இரவு பத்தரையோட ரேவதி முடிஞ்சுது. பிறகு அச்சுவினி. அச்சுவினிக்குப் பஞ்சமி இல்லை.”

“கலண்டரில விடியப்புறம் நாலு மணி மட்டும் ரேவதி எண்டு கிடந்தது. அத்தான் எல்லாருக்கும் காட்டினவர்.”

“எந்தக் கலண்டர்?”

“ஊரில இருந்து வந்தது.”

“அது ஊர் நேரம். லண்டன் நேரத்துக்கு அஞ்சரை மணித்தியாலம் கழிக்க வேண்டாமே?”

கழித்துப் பார்த்தேன். சின்னக் கணக்கு. ஆய்வுகூடத்தில் இதைவிடப் பெரிய பிழைகளைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறேன்.

“அப்ப கடிதம்?” என்று கேட்டேன்.

“இல்லாத பஞ்சமிக்கு நான் எப்பிடி எழுதுறது?” பஞ்சாங்கத்தை மூடினார். “வீட்டைத் திறக்கலாம். எப்பவோ திறந்திருக்கலாம்.”

கிங்ஸ்பரிக்குப் போகும் வழியில் ஹேங்கர் லேனில் வாகனங்கள் நின்றுவிட்டன. யோசிக்க நேரம் கிடைத்தது. சண்முகராசா அத்தான் கணக்கில் பிழை விடுகிற ஆள் இல்லை. மூன்று கடைகளுக்குச் சரக்கு எடுத்துக் கொடுக்கிறவர். ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது அங்கே என்ன நேரம் என்று ஒருநாளும் தவறியதில்லை. இதில் மட்டும் எப்படித் தவறியது? அவருடைய மனைவி ஜெயகௌரி ஏப்ரலிலேயே தங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பள்ளியில் இடம் இருக்கிறதா என்று விசாரித்தவர். தாரகாவுக்கென்று அறையில் புதுக்கட்டில் போட்டார்கள். பெண்பிள்ளை இல்லாத வீடு. எங்கள் வீட்டுச் சாவி அவர்களிடம்தான் இருந்தது. பூட்டினவையைப் போய்க் கேளும் என்று பீற்றர் சொன்னது திரும்பத் திரும்ப வந்தது.

அத்தான் சாப்பாட்டு மேசையில் இருந்தார். கலண்டர் அவருக்கு மேலே சுவரில் தொங்கியது. ஜெயகௌரி அக்கா தாரகாவுக்குப் புட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

“ஐயர் எழுதித் தரமாட்டாராம்” என்றேன்.

“ஏனாம்? காசு கேக்கிறாரோ?”

“பஞ்சமி இல்லையாம். கலண்டரில உள்ளது ஊர் நேரம். இஞ்ச பத்தரைக்கே ரேவதி முடிஞ்சிட்டுது.”

அத்தான் எழும்பினார். கலண்டரைக் கழற்றினார். ஜனவரிக்குப் புரட்டி, விரலால் எண்ணினார். ஒரு தடவை எண்ணிவிட்டு மறுபடியும் எண்ணினார். அவருடைய உதடு அசைந்தது. நான் அவர் முகத்தையே பார்த்தேன். தெரிந்துகொண்டு செய்தவர் எண்ணுவதுபோல நடிப்பாரா என்று பார்த்தேன்.

“அண்டைக்கு என்ர தலை நேரா இருக்கேல்லைத் தம்பி” என்றார். “அவள் எங்கட வீட்டில கடைசிப் பிள்ளை.”

“சரி, இப்ப என்ன?” என்றார் ஜெயகௌரி அக்கா. “இன்னும் கொஞ்ச நாள்தானே. தொடங்கினதைக் குறையில விடக்கூடாது. பிள்ளைக்கு இஞ்ச என்ன குறை? இஞ்சயும் நல்ல பள்ளிக்கூடம் இருக்குத்தானே.”

“பள்ளிக்கூடத்துக்குச் சொன்னது நீங்களோ?”

கேட்டுவிட்டேன். குரல் உயரவில்லை. அவர் கரண்டியை மேசையில் வைத்தார்.

“என்ன சொன்னது?”

“எங்கட வீட்டில ஆள் இல்லை எண்டு.”

“விசரே உமக்கு? நான் ஏன் அவையோட கதைக்கிறன்?”

“இடம் போனா இவள் இஞ்சதானே நிப்பாள்.”

“தம்பி, கதையை விடும்” என்றார் அத்தான். இப்போது அவர் குரலில் மரியாதை குறைந்திருந்தது. “நாலைஞ்சு மாதம் உங்களை வைச்சுப் பாத்த ஆக்களைக் கேக்கிற கேள்வியே இது?”

“நான்தான் சொன்னனான்” என்றாள் தாரகா.

மூவரும் திரும்பினோம். அவள் புட்டைப் பிசைந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்க்கவில்லை.

“மிஸ்டர் ஓக்லி கேட்டவர், எவ்ரி வீக் ஏன் வேற ஆளின்ர ஷூ போடுறாய் எண்டு. என்ர ஸ்பைக்ஸ் வீட்டில, வீடு லொக் பண்ணியிருக்கு, ஒருத்தரும் உள்ள போக ஏலாது எண்டு சொன்னனான். நாங்கள் கிங்ஸ்பரியில இருக்கிறம் எண்டும் சொன்னனான்.”

ஓக்லி ஓட்டப் பயிற்சியாளர். அவரிடமிருந்து ஹார்ட்லிக்கு இரண்டு கதவு தூரம்.

“ஏன் பிள்ளை சொன்னனி?” என்று கேட்டார் ஜெயகௌரி அக்கா.

“அவர் டீச்சர்தானே. அவர் அப்பாட்டச் சொன்னா அப்பா திறப்பார் எண்டு நினைச்சன்.” புட்டை ஓரமாகத் தள்ளினாள். “நான் கேட்டா ஏலாது எண்டுதான் சொல்லுறவர்.”

அத்தான் உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். என் கையில் தரவில்லை.

“நான் வரேல்லை” என்றார். “பிழையோ சரியோ, நான் அந்த வீட்டுக்குள்ள இப்ப வரமாட்டன்.”

நாங்கள் அன்றே கிளம்பினோம். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஜெயகௌரி அக்கா புட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். என்னோடு பேசவில்லை.

கதவு ஈரத்தில் இறுகியிருந்தது. தோளால் தள்ளித் திறந்தேன். உள்ளே மூடிய வீட்டின் வாசம். வேறொன்றும் இல்லை. படிக்கட்டுக் கைப்பிடியில் தாரகாவின் ஓட்ட உடுப்பு தொங்கியது. அன்றிரவு றொஷானி அயன் பண்ணி வைத்தது. மடிப்புக் கலையவில்லை. தாரகா அதைத் தொடாமல் கடந்து மேலே ஓடினாள். கையில் ஸ்பைக்ஸோடு வந்தாள்.

எங்கள் அறைக் கதவு சாத்தியிருந்தது. நான் வரவேற்பறை சோஃபாவில் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மிஸஸ் ஹார்ட்லி வந்தார். அதே கோப்பு.

“கடிதம்?” என்றார்.

“இல்லை. நட்சத்திரம் பிழையாகிவிட்டது.”

“பிழையாகிவிட்டதா?”

“நேர வித்தியாசத்தைக் கழிக்க மறந்துவிட்டார்கள்.”

என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு உள்ளே வந்தார். சமையலறையில் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கலாமா என்று கேட்டார். புதுப் பால், புதுப் பாண், பிரிக்காத வெண்ணெய்.

“எல்லாம் நேற்று வாங்கியவையா?”

“நேற்று.”

அவர் தலையசைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நாடக மேடையைப் பார்ப்பதுபோல வீட்டைப் பார்த்தார். சுவரில் கை வைத்துத் தூசியைப் பார்த்தார். தாரகாவின் அறையில் பதக்கங்களைப் பார்த்தார். ஸ்பைக்ஸைக் கையிலெடுத்து அளவைப் பார்த்தார்.

“இவை உனக்குச் சிறியவை” என்றார் தாரகாவிடம்.

“இப்போது சிறிதாகிவிட்டது” என்றாள் அவள் ஆங்கிலத்தில். “ஜனவரியில் சரியாக இருந்தது.”

ஹார்ட்லி நடைபாதைக்கு வந்தார். சாத்தியிருந்த கதவின் முன் நின்றார். “இது?”

“எங்கள் அறை.”

“திறக்கலாமா?”

நான் கைப்பிடியில் கை வைத்தேன், திருப்பவில்லை.

“உங்கள் மனைவியோடு நான் பேச வேண்டும், மிஸ்டர் கௌசிகன். அவர் எங்கே என்று தெரியாமல் என்னால் இதை முடிக்க முடியாது. பிள்ளை யாரோடு இருக்கிறாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும்.”

தாரகா தன் அறை வாசலில் நின்றாள். என்னைப் பார்த்தாள். அவள் சொல்லிவிடுவாள் போலிருந்தது. சொல்வதற்கு வாய் திறந்தாள்.

“அவர் இறந்துவிட்டார்” என்றேன். “ஜனவரியில். இந்த அறையில்.”

கதவைத் திறந்தேன். படுக்கையில் விரிப்பு இல்லை. யாரோ எடுத்துக் கழுவியிருந்தார்கள். ஜன்னலோரத்து மேசையில் அவளுடைய கைத்தொலைபேசி கிடந்தது, மின்னேற்றும் கம்பி செருகாமல்.

மிஸஸ் ஹார்ட்லி உள்ளே போகவில்லை. தொலைபேசியைப் பார்த்தார். அவர் என்ன யோசித்தார் என்று எனக்குத் தெரியும்.

“நீங்கள் சொன்ன அந்த மரணம்” என்றார்.

“அதுதான்.”

“தாத்தாவோ வேறு யாரோ என்று நினைத்தேன். நீங்கள் சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கலாம்.”

படிக்கட்டில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். விண்ணப்பம் கொடுத்த நாளில் இங்கேதான் வசித்தீர்களா என்று கேட்டார். ஆம் என்றேன். இனி? இங்கேதான். தாரகாவிடமும் அதையே கேட்டார். அவள் சொன்ன பதிலை எழுதினார், என்னுடையதை எழுதவில்லை. பிறகு றொஷானியின் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

“முதலில் யாரை அழைக்க வேண்டும்?”

என் எண்ணைக் கொடுத்தேன்.

“இடம் அவளுடையது” என்றார். “செப்டெம்பருக்கு முன் சப்பாத்து வாங்குங்கள்.”

அவருடைய கார் போனதும் பீற்றர் அண்ணை தெருவைக் கடந்து வந்தார். குப்பை எடுக்கும் நாள் அது. வெறுமையான எங்கள் தொட்டியை வாசல்வரை இழுத்து வந்தார்.

“முடிஞ்சுதோ?”

“முடிஞ்சுது.”

“அப்ப லக்‌ஷனுக்கு இடமில்லை.”

“இல்லை அண்ணை.”

தொட்டியின் பிடியை என் பக்கம் திருப்பினார். “இனி நீரே தள்ளும்” என்றார்.

அவர் சிரிக்கிறாரா என்று பார்த்தேன். அதற்குள் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார். தொட்டியை உள்ளே இழுத்தேன்.